உடன் பயில்வோர் திருத்தும் கட்டுரை

கல்வியென்பது ஆசிரியர் வாயினின்றும் மாணாக்கர் செவிக்குப் பாய்வது மாத்திரமே எனக் கருதுவார் பலர். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் அங்ஙனம் கருதினாரல்லர். ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் காற்பங்கே கைகூடும். உடன் கற்பாரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்பும் என்பது பொதுப்பாயிரத்தில் அவர் காட்டும் கணக்கு. இன்று பல்கலைக்கழகங்கள் ‘சகபாடி மதிப்பீடு’ எனக் கைக்கொள்ளும் முறையும் இக்கணக்கோடு ஒத்துச் செல்வதாகும்.

இதன் உண்மையை யான் உணர்ந்தது ஒரு கட்டுரையால். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, ஹல்துமுல்லைப் பிரிவிலே கொஸ்லாந்தைக்கு அணித்தாயுள்ள மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடிற்று. சில ஆண்டுகளின் பின் உயர்தர வகுப்பில் அதுபற்றி எழுதப் பணித்தேன். மாணவனொருவன் ‘இயற்கையன்னை சீறினாள்’ எனத் தொடங்கி அணிநயம் ததும்ப எழுதினான். யானும் சந்திப்பிழை இரண்டினைச் சிவப்பு மையாற் திருத்தி, ‘நன்று’ எனக் குறித்தேன். பின்னர் அத்தாளைப் படித்த அவன் தோழன் ஓரத்தில் எழுதியது ஒரு வினாவே: ‘அன்று காலை நீ எங்கே நின்றாய்?’

மறுவாரம் புதிய கட்டுரை வந்தது. பாடசாலைக்குப் புறப்பட்டு வந்ததும், திரும்பிச் செல்ல வீடு இன்றி நின்றதும் அதில் இருந்தன, இயற்கையன்னை இல்லை. யான் காணாத குறையை உடன் பயில்வோன் கண்டனன்.

அன்றுதொட்டு ஒவ்வொரு கட்டுரையையும் ஒரு தோழன் முதலிற் படிப்பான். அவன் மூன்று வினாக்களுக்கு விடை எழுதல் வேண்டும். கட்டுரை கூற வந்தது யாது? எவ்விடத்திற் பொருள் விளங்கவில்லை? இன்னும் எதனை அறிய விரும்புகிறாய்? புள்ளியிடும் உரிமை அவனுக்கில்லை. அஃது ஆசிரியர்க்கே உரியது. ஆதலின் நட்பால் மிகுத்தலும் பகையாற் குறைத்தலும் நேர்வதில்லை. எழுதியவன் அவ்விடைகளைக் கொண்டு மீள எழுதிய பின்னரே யான் படிப்பேன். இதனால் பெரும்பயன் அடைபவன் திருத்துபவனே. பிறன் தாளில் விளங்காமையைக் கண்டவன் தன் தாளிலும் அதனைக் காண்பான்.

நம் மாணாக்கர் நாளை பேராதனைக்கோ, 2005இல் பதுளையில் நிறுவப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திற்கோ செல்லும்போது, ஒவ்வொரு வரியையும் திருத்த ஆசிரியர் அருகில் இரார். அம்மூன்று வினாக்களும் உடன் செல்லும்.

பழைய மாணவர்களே, விடுமுறைக்கு மலையேறி வரும்போது ஒரு மாணவனின் கட்டுரையை வாங்கிப் படியுங்கள். புகழுரை வேண்டா, ஓரத்தில் ஒரு வினா எழுதுங்கள்.