மொய் நோட்டில் இருந்த தாத்தா

தாத்தாவின் கருமாதிக்கு வந்தவர்கள் எல்லோரும் "தங்கமான மனுஷன்" என்றார்கள். அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் அவரோடு பழகியிராத என் பிள்ளைகளுக்கு அவரைச் சொல்ல அந்த வார்த்தை உதவவில்லை. ஊரில் எந்தத் தாத்தாவுக்கும் அது பொருந்தும். அவர் எப்படி வாழ்ந்தார் என்று எழுதிவைக்கும் வேலையை அவர் இருக்கும்போதே தொடங்கியிருந்தேன், போன பிறகும் விடவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவரைப் பற்றி எழுத நினைத்தால் இந்த அனுபவம் உதவும் என்பதால் சொல்கிறேன்.

"உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். "என்னத்த ஆயி சொல்றது, உழுதோம், தின்னோம்" என்று தாத்தா அதை ஒரே வரியில் முடித்துவிட்டார். எந்த வருஷம் என்று கேட்டாலும் பதில் வராது. எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். அங்கே வயதானவர்களின் நாள்காட்டி புயல்தான். 1952 நவம்பர் கடைசியில் அடித்தது ஒன்று, 1977 நவம்பர் 12இல் அடித்தது இன்னொன்று. "வீட்டுக்கு ஓடு போட்டது அம்பத்திரெண்டு புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டேன். பின்னாடி என்றார். ஓடு எங்கிருந்து வந்தது, வண்டி யாருடையது, எந்த மாட்டை விற்றுப் பணம் கட்டினார் என்பதெல்லாம் கேட்காமலேயே வந்தன. 2018இல் கஜா அடித்து, கொல்லையில் தென்னைகள் சாய்ந்து கிடந்த நாட்களில்தான் அவர் தன் இளவயதைப் பற்றி அதிகம் பேசினார்.

பிறந்த வருஷத்தையும் இப்படித்தான் உறுதி செய்தோம். பள்ளிச் சான்றில் இருந்தது 1931 ஜூன். அது சேர்க்கும்போது வாத்தியார் கணக்குப் பண்ணிப் போட்டது. ஜாதகத்தில் ஸ்ரீமுக வருஷம், ஆவணி மாதம். தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒரு முறைதான் திரும்பும் என்பதால் அது 1933. மேட்டூர் அணையைத் திறந்தபோது அவர் கைக்குழந்தை என்று அவருடைய அம்மா சொல்லியிருந்தார். அணை திறந்தது 1934 ஆகஸ்ட். கணக்கு ஒத்துப்போயிற்று.

ஆனால் எனக்குக் கிடைத்தவற்றில் பெரிய புதையல் மொய் நோட்டுதான். எல்லோர் வீட்டிலும் இருக்கும், யாரும் திறந்து பார்ப்பதில்லை. தாத்தா கல்யாணம் 1955இல் நடந்தது. நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில் என்பதால் நோட்டு முழுக்க ரூபாய், அணாக் கணக்கு. பெரும்பாலோர் ஒரு ரூபாய், ஒன்றே கால் ரூபாய். சிலர் பெயருக்கு எதிரே நெல் ஒரு கலம். தாய்மாமனே மூன்று ரூபாய்தான் எழுதியிருக்கிறார். நடுவில் ஒரு பெயர், வேதாரண்யம், ஐந்து ரூபாய். உறவு இல்லை, எங்கள் தெருவில் யாருக்கும் அவரைத் தெரியவும் இல்லை.

அப்பாவைப் பெற்ற அப்பாயிக்குத்தான் தெரிந்திருந்தது. அம்பத்திரெண்டில் தாத்தா நெல் ஏற்றிக்கொண்டு உப்பு வாங்க வேதாரண்யம் பக்கம் அகஸ்தியம்பள்ளிக்கு வண்டி கட்டிப் போயிருக்கிறார். திரும்புவதற்குள் புயல் பிடித்துக்கொண்டது. உப்பளத்தில் வேலை செய்த ஒருவர் அவரையும் மாட்டையும் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டார். கூரை போன பிறகு எல்லோருமாகச் சுவரோரம் ஒண்டிக் கிடந்தார்களாம். தாத்தாவிடம் இருந்த நெல் அந்தக் குடும்பத்துக்கு அடுத்த சில நாள் சாப்பாடு. அதற்கப்புறம் வருஷா வருஷம் அறுப்பு முடிந்ததும் அங்கே ஒரு மூட்டை போயிருக்கிறது. தாத்தா இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. நோட்டின் ஒரு வரி இல்லாவிட்டால் அந்த நட்பு அப்பாயியோடு போயிருக்கும். மொய் நோட்டை எடுங்கள். தெரியாத பெயர்களுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு, வீட்டிலேயே வயதான பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நிலப் பத்திரத்திலும் ஆட்கள் இருப்பார்கள். நான்கெல்லை சொல்லும் இடத்தில் பக்கத்து வயல்காரர் பெயர், அவருடைய தகப்பனார் பெயர் எல்லாம் வரும். பழைய பத்திரத்தில் மா, வேலி என்று இருந்தால் மிரள வேண்டாம். இருபது மா ஒரு வேலி, ஏறக்குறைய மூன்று மா ஒரு ஏக்கர். இந்தத் தாள்களைப் பத்திரப்படுத்துவதாக நினைத்து லேமினேட் செய்துவிடாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. போட்டோவின் பின்பக்கம் பேனாவால் எழுதாதீர்கள், மை முன்பக்கம் ஊறிவிடும். குரலைப் பதிவு செய்யக் கைபேசி போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, காலைக் காப்பிக்குப் பிறகு அரை மணி நேரம் பேசவிடுங்கள்.

இனிச் சொல்வதைக் குடும்பத்தில் சிலர் விரும்பவில்லை. அவருடைய வயலில் வேலை செய்தவர்களிடமும் கேட்டாக வேண்டும். எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்டால் வாசலில் நின்று "நல்லவரு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய், அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். நாற்பது வருஷம் எங்கள் வயலில் நடவு நட்ட ஒரு பாட்டியிடம் போனேன். தாத்தா கூலி நெல்லை அளக்கும்போது மரக்காலைத் தலைதட்டாமல் கோபுரமாக அளப்பார் என்றார். அதே மூச்சில், மற்ற மிராசுகள் கூலியைக் கூட்டும்வரை அவரும் கூட்டவில்லை என்றும் சொன்னார்.

கீழத்தஞ்சையில் நிலம் வைத்திருந்த ஒருவரின் வாழ்க்கையை எழுதினால் அதில் 1968 வராமல் இருக்க முடியாது. கூலிப் போராட்டத்தை ஒட்டி அந்த டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். தாத்தாவிடம் உயிரோடு இருக்கும்போதே இதைக் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. "அதுக்கப்புறம் ஏத்திக் குடுத்தோம். முன்னாடியே குடுத்திருக்கணும் ஆயி" என்றார். இதை ஏன் எழுத வேண்டும் என்று சித்தப்பா கோபித்துக்கொண்டார். நான் எழுதியிருக்கிறேன். கோபுரமாக அளந்த கையும் அந்த வார்த்தையைச் சொன்ன வாயும் ஒரே மனிதருடையவை. ஒன்றை விட்டுவிட்டால் நான் நேசித்த தாத்தா அதில் இருக்க மாட்டார்.

ஒரே சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். பங்காளியோடு நடந்த வரப்புச் சண்டை எங்கள் வீட்டில் ஒரு மாதிரி, அவர்கள் வீட்டில் ஒரு மாதிரி. யார் சொன்னது என்று பெயர் போட்டு இரண்டையும் எழுதிவிட்டேன். தீர்ப்புச் சொல்லும் வேலை எனக்கில்லை.

இப்போது அப்பாயியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இது கடினமாக இருக்கிறது. பத்திரம், ரசீது, மொய் நோட்டு எல்லாம் தாத்தா பெயரில். அப்பாயிக்கு ஜாதகம் எழுதவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை. அம்பத்திரெண்டு புயலில் பிறந்த வீட்டுக் கூரை பறந்தபோது கடைசித் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியதாகச் சொல்கிறார். அந்தத் தம்பியின் ஜாதகம் இருக்கிறதாம். அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போகிறோம்.