பேஸ் கிட்டார் வாசிக்க நோட்ஸ் தெரிய வேண்டுமா?

திட்டக்குடி, பெண்ணாடம், விருத்தாசலம் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசிக்கும் இளைஞர் யாராக இருந்தாலும் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்வார்: கேள்வி ஞானம் போதுமா, ஐந்து கோட்டில் சுரம் எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷன் கற்றே ஆக வேண்டுமா? “பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னிக்கே நோட்ஸ் தெரியாதுப்பா” என்பார் ஒரு அண்ணன். “ராஜா சார் ரெக்கார்டிங்ல நோட்ஸ் தெரியாம உட்கார முடியுமா?” என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். இருவரும் பேசுவது வேறு வேறு வேலையைப் பற்றி.

குழப்பம் தீர ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: நீங்கள் வாசிக்கப்போகும் பேஸ் லைன் எங்கே பிறக்கிறது? உங்கள் தலையில் பிறந்தால் தாளுக்கு வேலையில்லை. பழைய பாட்டில் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் நல்ல காது வேண்டும். இன்னொருவர் தலையில் பிறந்து, நீங்கள் ஒருமுறைகூடக் கேட்காத நிலையில் தாளாக முன்னால் வந்தால், படிக்கத் தெரிந்தவருக்குத்தான் நாற்காலி.

சென்னையின் இரண்டு பாணிகள்

மெக்கார்ட்னி தனக்கு இசையைப் படிக்கவோ எழுதவோ தெரியாது என்று 2018-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியிலேயே சொன்னார். அவருக்கு அது தடையாக இல்லாததற்குக் காரணம், அவருடைய பேஸ் லைன்களை அவரே உண்டாக்கினார் என்பது. பீட்டில்ஸ் காலத்திலேயே லாஸ் ஏஞ்சலீஸில் கரோல் கே என்ற பெண் கலைஞர் கூலிக்குப் பேஸ் வாசித்தார். யாருடைய பாட்டு என்றாலும் ஸ்டுடியோவுக்குள் போய், வைத்த தாளைப் பார்த்து வாசித்துக் கொடுக்க வேண்டிய தொழில் அது. படிக்கத் தெரிந்ததால் பிழைத்தார்.

நம் ஊரிலும் இதே இரண்டு பாணிகள் உண்டு. 1976-இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர். எல்லா வாத்தியங்களுக்குமான இசையையும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார். கலைஞர்கள் அவரவர் பகுதியைப் பிரதி எடுத்து, ஒத்திகை பார்த்து, ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பார்கள். அந்தக் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். ‘மூடுபனி’ (1980), ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படப் பாடல்களை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். கார்டின் அடிச்சுரத்தைத் தட்டிக்கொண்டு பேஸ் சும்மா இருக்காது. குரலுக்கும் வயலினுக்கும் நடுவே தனக்கென ஒரு மெட்டோடு நடந்துகொண்டிருக்கும். மற்ற வாத்தியங்களோடு அளந்து கோத்த மெட்டு என்பதால், வாசிப்பவர் தன் இஷ்டத்துக்கு ஒரு சுரத்தை மாற்ற முடியாது.

ஏ.ஆர். ரஹ்மானும் தன்ராஜ் மாஸ்டரின் மாணவர்தான். ஆனால் அவர் வேலை செய்யும் விதம் வேறு. கலைஞரைத் தனியாக அழைத்து, ட்ராக்கைப் போட்டுக்காட்டி, மனம்போல வாசிக்கவிட்டு, பிடித்ததை எடுத்துக் கோத்துக்கொள்வார். அவரோடு பல ஆண்டுகள் வாசித்த கீத் பீட்டர்ஸ் போன்றவர்களிடம் அங்கே எதிர்பார்க்கப்பட்டது கற்பனையும் தாளப்பிடிப்பும். இன்று வீட்டில் கணினி முன்னால் நடக்கும் பெரும்பாலான ஒலிப்பதிவுகள் இந்த இரண்டாவது வழியில்தான் போகின்றன.

கையில் இருக்கும் நான்கு வழிகள்

கேள்வி ஞானம்: இதற்கு மாற்றே கிடையாது. பாட்டை இரண்டுமுறை கேட்டுப் பேஸைப் பிடிப்பவருக்கே கச்சேரி வரும். ஒரே பலவீனம், நினைவை நம்பி இருப்பது. புதிதாக இருபது பாட்டைத் திடீரென்று கொடுத்தால் மூன்றாவது பிஜிஎம்மில் எத்தனை சுற்று என்பது மறந்துபோகும்.

டேப்: எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட் என்று எண்ணால் காட்டும் முறை. வீட்டில் ஒரு பாட்டைப் பழக வசதி. ஆனால் சாதாரண டேப்பில் காலக்கணக்கு இருக்காது; பாட்டை முன்பே கேட்டிருந்தால்தான் பயன்படும். தொழிலில் யாரும் இதைக் கையில் கொடுப்பதில்லை.

கார்ட் ஷீட்டும் எண் முறையும்: எத்தனை பார், எந்த கார்ட், எங்கே நிறுத்தம் என்பது ஒரே பக்கத்தில் அடங்கும். பேஸ்காரர் கவனிக்க வேண்டியது சாய்கோடு போட்ட கார்ட். ‘சி/இ’ என்று இருந்தால் கிட்டார்காரர் சி கார்டைப் பிடிப்பார், நீங்கள் இ-யை வாசிக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் பாட்டின் நிறமே மாறிவிடும்.

கார்டின் பெயருக்குப் பதிலாக எண்ணை எழுதும் வழக்கம் 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் நாஷ்வில் ஸ்டுடியோக்களில் உருவானது. சரிகம தெரிந்தவருக்கு இது புதிதல்ல. 1, 4, 5 என்பவை ச, ம, ப மேல் நிற்கும் கார்டுகள். மேடையில் இதன் அருமை தெரியும். “தொண்டை சரியில்லண்ணே, ரெண்டு கட்டைய ஒன்றரையாக்கிக்கலாம்” என்று பாடகர் சொன்னால், டி, பி மைனர், ஜி, ஏ என்று எழுதியிருந்த தாளில் எல்லாக் கார்டும் மாறவேண்டும். 1, 6, 4, 5 என்று எழுதியிருந்தால் ஒன்றும் மாறாது. விரல்தான் கொஞ்சம் தடுமாறும், வெறும் தந்தியில் கிடைத்த டி-யும் ஏ-யும் இப்போது கிடைக்காதே.

ஸ்டாஃப் நோட்டேஷன்: சுரம், காலம், நிறுத்தம் எல்லாவற்றையும் துல்லியமாகச் சொல்வது இது ஒன்றுதான். கற்க அதிக நாள் பிடிக்கும். தொடாமல் விட்டால் சீக்கிரம் மறக்கவும் செய்யும். பயப்படும் அளவுக்குப் பெரிதல்ல. பியானோகாரர் இரண்டு கிளெஃப்களில் பல சுரங்களை ஒரே நேரத்தில் படிக்கிறார். நமக்கு பேஸ் கிளெஃப் ஒன்றுதான், பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான்.

எந்த வேலைக்கு எது?

கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு மேடைகள்: காதும் கார்ட் ஷீட்டும் போதும். இங்கே ஸ்டாஃப் நோட்டேஷன் தெரிந்தாலும் பயன்படுத்த வாய்ப்பே வராது.

தேவாலயம்: பலரும் கவனிக்காத ஒரு லாபம் இங்கே இருக்கிறது. நான்கு குரலுக்கு அச்சிட்ட பாமாலைப் புத்தகத்தில் கடைசிக் குரலின் வரி பேஸ் கிளெஃபில்தான் இருக்கும். படிக்கத் தெரிந்தால் அதையே அப்படியே வாசிக்கலாம். எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் வாத்தியம் என்பதால் பாடுபவர்களுக்கு அடித்தளம் போட்டதுபோல இருக்கும். படிக்கப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை.

சென்னை ஒலிப்பதிவு, பெரிய வாத்தியக் குழுவோடு மேடை: நோட்ஸ் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லா அழைப்புக்கும் தேவைப்படாது. தேவைப்படும் நாளில் “தெரியாது” என்று சொன்னால் அடுத்த அழைப்பு வேறொருவருக்குப் போகும்.

உல்லாசக் கப்பல், இசை நாடகம்: பார்த்தவுடன் வாசிக்கும் திறமையைச் சோதித்துத்தான் எடுப்பார்கள். இங்கே மாற்று வழி கிடையாது.

சொல்லிக்கொடுக்க விரும்புபவர்: டிரினிட்டி போன்ற தேர்வுகளுக்கு மாணவரை அனுப்பவேண்டி வரும். படிக்கத் தெரிந்திருப்பது நல்லது.

எங்கே தொடங்குவது?

என் கணிப்பில் உள்ளூர் மேடையே போதும் என்பவர் ஸ்டாஃப் நோட்டேஷனுக்காக வருத்தப்பட வேண்டாம். எண் முறையை மட்டும் இந்த வருடமே கற்றுக்கொள்ளுங்கள். விருத்தாசலம் ஜங்ஷனில் சென்னை ரயில் ஏறும் எண்ணம் இருப்பவர், ஏறும் முன்பே படிக்கப் பழகிவிடுங்கள். அங்கே போன பிறகு பிழைப்பு தேடும் அலைச்சலில் அதற்கு நேரம் இருக்காது.

முதலில் காலக்கணக்கு. ஒரே சுரத்தை வைத்துக்கொண்டு கால், அரை, அரைக்கால் அடிகளையும் நிறுத்தங்களையும் கைதட்டிப் படியுங்கள். சுரம் தவறினால் அடுத்த அடியில் சேர்ந்துகொள்ளலாம், காலம் தவறினால் டிரம்ஸோடு பிடி விட்டுப்போகும். பிறகு வெறும் தந்திகள் நான்கின் இடம்: இ ஐந்து கோட்டுக்குக் கீழே தனிக்கோட்டில், ஏ முதல் இடைவெளியில், டி நடுக்கோட்டில், ஜி மேல் இடைவெளியில். அங்கிருந்து முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் இருக்கும் சுரங்கள். மெல்லிசையில் வரும் பேஸ் வரிகளில் பெரும்பகுதி இந்த எல்லைக்குள் அடங்கிவிடும்.

தினம் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். ஒரே பாடத்தை மனப்பாடம் ஆகும்வரை திரும்பத் திரும்ப வாசித்தால் கண் வேலை செய்வதை நிறுத்திவிடும். தினமும் புதிய எட்டு பார் எடுங்கள். வாரத்தில் ஒருநாள், உங்களுக்குப் பாடமான ஒரு ராஜா பாட்டின் பேஸைக் கேட்டு நீங்களே எழுதிப் பாருங்கள். காதால் பிடித்ததைக் கையால் எழுதத் தெரிந்தவருக்கு, பிறர் எழுதியதைப் படிப்பது பெரிய வேலையாக இருக்காது.