வெறிவிலக்கு: தோழி சொன்ன மருந்து

ஸ்ரீ:

சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காட்டில் சில நாள் தங்கித் திருவாய்மொழி அநுஸந்தித்து வந்தோம். மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சியன்றோ? அந்நிலத்தில் இருந்துகொண்டு, குறிஞ்சித் துறையான வெறிவிலக்கில் அமைந்த நாலாம் பத்து ஆறாம் திருவாய்மொழியை ஸேவிக்கும் பேறு வாய்த்தது.

சங்கப் பாடல்களில், காதலால் மெலிந்த மகளை முருகன் அணங்கினான் என்றெண்ணித் தாய் வேலனை அழைத்து வெறியாட்டு எடுப்பாள். உண்மையறிந்த தோழி விலக்குவாள். நற்றிணை 34-ஆம் பாட்டிலோ, நோய்க்குத் தான் காரணமல்லன் என்றறிந்தும் வெறிக்களத்துக்கு வந்த முருகனையே தோழி கடிந்துரைக்கிறாள்.

நம்மாழ்வார் அத்துறையையே கொண்டு, தலைவன் எம்பெருமான் என்று காட்டியருளினார். இங்கே தோழி விலக்குவதோடு நில்லாமல் மருந்தும் சொல்கிறாள்: எம்பெருமான் திருநாமத்தைச் சொல்லுங்கள், அவன் அடியார்களின் ஸ்ரீபாத தூளியை இவளுக்கு இடுங்கள்.

பின்னர் வந்த அழகிய மணவாளப் பெருமாள் நாயனார், ஆசார்ய ஹ்ருதயத்தில் இதன் உட்பொருளை வெளியிட்டார். ஸம்பந்தத்தை உணர்வது தோழி நிலை. உபாயத்தில் துணிவது தாய் நிலை. பலத்துக்குப் பதறுவது மகள் நிலை. ஆகவே விலக்குகிற தோழி, 'அவனுக்கே உரியோம்' என்னும் நம் உணர்வேயாம்.

முன்பு இல்லத்தில் ஒருவர் நோயுற்றபோது, மருத்துவத்தோடு நில்லாமல், பிறர் சொன்ன பரிகாரங்களையெல்லாம் நாம் குறித்துவைத்தோம். ஒன்று பொய்த்தால் மற்றொன்று என, வங்கியில் பழகிய மனம் ஈடு தேடிற்று. அன்று நம்முள் தோழி பேசவில்லை. அவளைப் பேசவைப்பதே இப்பதிகம் கற்பதன் பயன்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.