புல்வெட்டி இரைந்தால்: வெட்டுத்தட்டைக் கழற்றிப் பார்ப்போம்

ஆள் ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி நமது மலைநாட்டில் வீட்டுக்கு வீடு இருக்கும் பொருளல்ல. நுவரெலியாவில் 1889 முதல் இருந்து வரும் கொல்ப் மைதானத்தைப் போன்ற பரந்த புற்றரைகள், ஹோட்டல் முற்றங்கள், விளையாட்டுத் திடல்கள் முதலிய இடங்களில்தான் இதற்கு வேலை. ஆனாலும் அதை ஓட்டுபவரும், கழுவுபவரும், பழுது பார்க்க முன்னே தள்ளப்படுபவரும் பெரும்பாலும் தோட்டத்து லயங்களிலிருந்து போன பிள்ளைகளே.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோதும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி மலையகத்தைத் தாக்கியபோதும், லயத்தையும் மரக்கறிப் பாத்தியையும் விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல. பாத்தி போட நிலம் கிடைக்கும்வரை மண்வெட்டி பிடித்த கைக்கு வேறு வேலை வேண்டும். புல் வெட்டும் கொந்தராத்து அப்படிப்பட்ட ஒரு வேலை. இரண்டு மூன்று குடும்பங்கள் கூட்டாகப் பாவித்த இயந்திரம் ஒன்றை வாங்குவதும் உண்டு. ஏப்ரல் சீசன் வேளையில் அது கீச்சிட்டு நின்றுவிட்டால் அந்த மாதத்துச் சம்பாத்தியம் போயிற்று. கராஜுக்கு ஏற்றிப் போனால் லொறிக் கூலியே பழுதின் செலவை விஞ்சிவிடும். ஆகவே இந்தப் பாடம்.

இயந்திரத்தின் வயிற்றுக்கடியில் தொங்கும் பாகமே வெட்டுத்தட்டு. கவிழ்த்து வைத்த பெரிய தாச்சியைப் போலிருக்கும். அதற்குள் இரண்டு அல்லது மூன்று கத்திகள். ஒவ்வொரு கத்தியும் நிமிர்ந்து நிற்கும் ஓர் அச்சுத்தண்டின் கீழ்முனையில் பூட்டப்பட்டிருக்கும். அந்தத் தண்டு ஒரு கூட்டுக்குள், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு போல் பெயாரிங்குகளில் சுழலும். தண்டின் மேல்முனையில் ஒரு கப்பி. எஞ்சினிலிருந்து வரும் பெல்ட் எல்லாக் கப்பிகளையும் சுற்றிக்கொண்டு ஓடும். அந்தப் பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்க, ஸ்பிரிங்கால் இழுக்கப்படும் வெறுங்கப்பி ஒன்றும் உண்டு. இவ்வளவுதான். தேயிலைத் தொழிற்சாலையில் ரோலருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்த பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால் அவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். வாட்டுத்தட்டின் காற்றாடியில் பெயாரிங் காய்ந்தால் எப்படிக் கத்தும் என்பதை அவர் காது அறியும். இங்கேயும் அதே சத்தந்தான்.

சத்தத்தைப் பிரித்தறிதல்

இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, கத்தியை ஓடவிடாமல் எஞ்சினை மட்டும் முடுக்குங்கள். அப்போதும் இரைச்சல் இருந்தால் குற்றம் எஞ்சினிலோ சக்கரங்களை ஓட்டும் பெல்ட்டிலோ இருக்கலாம். வெட்டுத்தட்டைக் கழற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம். கத்தியைப் பூட்டிய பிறகு மாத்திரம் சத்தம் எழும்பினால் தட்டுக்குள்தான் கோளாறு.

அந்தச் சத்தத்தின் தன்மையைக் கவனியுங்கள். கத்தியைப் பூட்டும் அந்தக் கணத்தில் கீச்சென்று கத்திப் பிறகு அடங்கினால், பெல்ட் வழுக்குகிறது. கீச்சொலி அடங்காமல் தொடர்ந்தால் வெறுங்கப்பியின் பெயாரிங்கைச் சந்தேகியுங்கள். அரிசி அரைக்கும் கல்லைப் போல் கரகரவென்று அடித்தொண்டையில் உறுமினால் அச்சுத்தண்டின் பெயாரிங் தேய்ந்திருக்கிறது. தடதடவென்று ஆட்டத்தோடு வந்து, இருக்கையில் உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்புவரை ஏறினால் கத்தி வளைந்திருக்கும் அல்லது நிறை சமமின்றி இருக்கும். உலோகத்தோடு உலோகம் உரசும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். கத்தி தட்டில் படுகிறது, அல்லது கத்தியோடு கத்தி முட்டுகிறது.

மழை மாதங்களில் இன்னொரு சத்தமும் உண்டு. மலைநாட்டில் நன்றாகப் பரவியுள்ள கிகுயு புல் ஈரமாக வெட்டப்படும்போது தட்டின் உட்புறத்தில் களிபோல் அப்பி, கத்தியின் நுனி அதில் உரசி ஒரு மந்தமான இரைச்சல் வரும். பெயாரிங் போய்விட்டதென்று பயந்து கடைக்கு ஓடுமுன் இதைப் பாருங்கள். மரக்கட்டையை உளிபோல் சீவி அதனால் சுரண்டினால் போதும். இரும்பால் சுரண்டினால் பூச்சு போய்த் துரு பிடிக்கும்.

கை வைக்குமுன்

இந்தப் பகுதியை வாசித்துவிட்டு மறந்துவிடுகிறவர்களுக்காகத்தான் இதை நீட்டி எழுதுகிறோம். புல்வெட்டியின் கத்தி நுனி எவ்வளவு வேகத்தில் போகலாம் என்பதற்கு அமெரிக்கத் தர விதி வைத்துள்ள எல்லை நிமிடத்துக்கு 19,000 அடி. மணிக்கு ஏறத்தாழ 350 கிலோமீற்றர்! ஹற்றன் ரயிலை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கவே முடியாது. எஞ்சினை நிறுத்திய பிறகும் கத்தி சில விநாடிகள் ஓடும். முற்றாக நின்றதைக் கண்ணால் பார்த்த பின்பே கிட்டப் போக வேண்டும். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடுங்கள். பிளக்கின் வயரையும் கழற்றி எட்ட வையுங்கள். கத்தியைக் கையால் சுழற்றும்போது பெல்ட் வழியாக எஞ்சினும் சுழன்று உயிர்பெறக்கூடும் என்பதாலேயே இது. ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுங்கள். நமது ஊரில் சமதரை என்று நாம் சொல்வதும் பல வேளை சரிவுதான்! ஜக்கில் தூக்கிய இயந்திரத்துக்கடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். தட்டைத் தனியாகக் கழற்றி எடுப்பதே நல்லது.

கழற்றுவது கடினமல்ல. தட்டை மிகத் தாழ்ந்த நிலைக்கு இறக்கி, எஞ்சின் கப்பியிலிருந்து பெல்ட்டை எடுத்து, தட்டைத் தாங்கும் ஊசிகளைக் கழற்றினால் பக்கவாட்டில் இழுத்துவிடலாம். பெல்ட் எந்தக் கப்பியை எப்பக்கமாகச் சுற்றிப் போகிறது என்பதை முதலிலேயே ஒரு கடதாசியில் வரைந்துகொள்ளுங்கள். கைத்தொலைபேசி இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்கள் பூட்டும்போது அரைநாள் மண்டையைச் சொறிவார்கள்.

கையாலும் காதாலும் சோதித்தல்

பெல்ட் இல்லாத நிலையில் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு கத்தியையும் கையால் சுழற்றிப் பாருங்கள். நல்ல பெயாரிங் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் சத்தமின்றிச் சுழலும். கெட்டது மணலை அரைப்பதுபோல் விரலுக்குத் தெரியும். சந்தேகமானால் நீளமான திருப்புளியின் நுனியைப் பெயாரிங் கூட்டின்மேல் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேளுங்கள். வைத்தியர் நெஞ்சுக்கு வைக்கும் கருவியைப் போல் அது பேசும். (கையால் சுழற்றும்போது மாத்திரம், எஞ்சின் ஓடுகையில் இதைச் செய்யவே கூடாது.) அடுத்து கத்தியின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். கடகடவென்று ஆடினால் பெயாரிங்கின் ஆயுள் முடிந்தது.

கத்தி வளைந்ததா, தண்டு வளைந்ததா? இங்கேதான் பலர் ஏமாந்து, தேவையில்லாத சாமானுக்குக் காசைக் கொட்டுகிறார்கள். தட்டின் விளிம்பில் ஓரிடத்தைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். கத்தியின் ஒரு நுனியை அந்தக் குறிக்கு நேரே நிறுத்தி, தட்டு விளிம்பிலிருந்து அதன் தூரத்தை அளக்கவும். அரைச்சுற்று சுழற்றி மற்ற நுனியையும் அதே இடத்தில் அளக்கவும். இரண்டுக்கும் 3 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது. இப்போது கத்தியைக் கழற்றி, தண்டை அசைக்காமல் கத்தியை மட்டும் அரைச்சுற்று திருப்பிப் பூட்டி மறுபடி அளவுங்கள். முன்பு தாழ்ந்திருந்த நுனியே இப்போதும் தாழ்ந்திருந்தால் குற்றவாளி கத்தி. மற்ற நுனி தாழ்ந்துவிட்டால் குற்றவாளி தண்டு. கத்தி சில ஆயிரத்தில் முடியும். தண்டு அதைவிட அதிகம். பழியைச் சரியான ஆள்மேல் போடுவது நல்லதல்லவா?

வளைந்த கத்தியைச் சம்மட்டியால் தட்டி நிமிர்த்துவதும், வெடித்த கத்தியை ஒட்டவைப்பதும் நமது பட்டறைகளில் நடக்கிற காரியம். தயவுசெய்து செய்யாதீர்கள். நிமிர்த்திய இடத்தில் உருக்கு களைத்துப்போயிருக்கும். அந்த வேகத்தில் ஒரு துண்டு முறிந்து பறந்தால் புற்றரையின் மறுகோடியில் விளையாடும் பிள்ளையும் தப்ப முடியாது. மழுங்கிய கத்தியை அரத்தால் தீட்டலாம். பழைய சரிவிலேயே, இரு நுனிகளிலும் ஒரே அளவாக. தீட்டிய பின் சுவரில் அடித்த ஆணியில் நடுத்துவாரத்தை மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் அரைத்தெடுக்கவும்.

பெயாரிங் மாற்றுதல்

பெயாரிங்கின் ஓரத்தில் ஓர் இலக்கம் பொறித்திருக்கும். பல வெட்டுத்தட்டுகளில் 6203, 6204, 6205 என்பவையே காணப்படும். இவை உலகெங்கும் ஒரே அளவில் செய்யப்படுபவை: 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிப்பு 12 மில்லிமீற்றர். 6204க்கு 20, 47, 14. ஆகவே புல்வெட்டிக் கம்பனியின் பெயரைச் சொல்லிக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டியதில்லை. தண்ணீர் மோட்டாருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பெயாரிங் விற்கும் கடையில் இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். இலக்கத்தின் பின்னால் 2ஆர்எஸ் என்றிருப்பது இருபுறமும் இறப்பர் மூடியுள்ளது. இசட்இசட் என்றிருப்பது தகர மூடியுள்ளது. நமது மழைக்கும் பனிக்கும் இறப்பர் மூடியே ஏற்றது.

பழையதைக் கூட்டின் மறுபக்கத்திலிருந்து உருண்டைக் கம்பியால், இப்புறம் ஒன்று அப்புறம் ஒன்றாக மாறி மாறித் தட்டி வெளியேற்றவும். புதியதை இறக்கும்போது வெளி வளையத்தின்மேல் மட்டுமே அடி விழ வேண்டும். கழற்றிய பழைய பெயாரிங்கின் வெளி வளையத்தையோ அளவான குழாய்த்துண்டையோ வைத்து மெதுவாகத் தட்டுங்கள். உள் வளையத்தில் அடித்தால் குண்டுகள் ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்து, புதுப் பெயாரிங் முதல் நாளே பழைய பாட்டைப் பாடத் தொடங்கும். இரண்டு பெயாரிங்குகளுக்கும் நடுவே தண்டைச் சுற்றி ஒரு குழாய் வளையம் இருக்கும். கழற்றும்போது அது உருண்டோடிப் புல்லுக்குள் போய்விடும், தேடி எடுங்கள். அதைப் போடாமல் நட்டை இறுக்கினால் உள் வளையங்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நெருக்கப்பட்டு, சில மணி நேரத்தில் பெயாரிங் சூடேறிப் பிடித்துவிடும்.

கூட்டில் கிறீஸ் நிப்பிள் இருந்தால் ஒரு விஷயம். இருபுறமும் மூடிய பெயாரிங்கைப் போட்டுவிட்டு வெளியே இருந்து கிறீஸ் அடிப்பது மூடிய போத்தலுக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் போன்றது. அப்படியான கூட்டில் பெயாரிங்கின் உட்பக்கத்து மூடியை மாத்திரம் நெம்பி எடுத்துவிட்டுப் போட வேண்டும். இரண்டு மூன்று தடவை அடித்தால் போதும். அளவுக்கு மீறினால் வெளிமூடி பிதுங்கி, அந்த இடைவெளியால் தண்ணீர் புகும். பெயாரிங்குகளைக் கொல்வது பெரும்பாலும் வேலையல்ல, தண்ணீர். வேலை முடிந்ததும் குழாயை நேராகக் கப்பியின்மேல் பிடித்துக் கழுவும் பழக்கத்தை விடுங்கள். கழுவினால், பிறகு ஐந்து நிமிடம் கத்தியை ஓடவிட்டு உலர்த்தவும்.

பெல்ட்டும் தகரமும்

பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்தால் அல்லது வெடித்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். சவர்க்காரம் பூசுவது, எண்ணெய் தடவுவது எல்லாம் ஒரு நாள் வைத்தியம். தண்ணீர் மோட்டாருக்குப் போடும் சாதாரண பெல்ட் அளவில் பொருந்தினாலும், கத்தியைப் பூட்டும் ஒவ்வொரு முறையும் வழுக்கி எரிவதால் சீக்கிரம் போய்விடும். இந்த வேலைக்கென்றே செய்த பெல்ட் விலை கூடினாலும் இலாபம். வெறுங்கப்பியின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்கவும்.

தட்டின் தகரம் வெடித்துத் தடதடத்தால், வெடிப்பின் இரு முனையிலும் சிறு துவாரம் துளைத்துவிட்டு ஒட்டவைத்தால் அது மேலும் ஓடாது. தட்டைக் கழற்றாமல் மின்சாரத்தால் ஒட்டவைப்பதானால் முதலில் பெட்டரி வயரைக் கழற்றவும்.

எல்லாம் பூட்டியபின் கத்தியைக் கையால் ஒரு முழுச்சுற்று சுழற்றி, எங்கும் முட்டவில்லை என்று பார்த்து, பிளக் வயரை மாட்டி ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். யாரையும் பக்கத்தில் நிற்கவிட வேண்டாம். நிறுத்தி, சாவியை எடுத்து, கத்தி நின்றபின் ஒவ்வொரு கூட்டையும் தொடுங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடென்றால் அந்தப் பெயாரிங்கை மறுபடி திறக்க வேண்டும்.

தோளில் மாட்டும் புல்வெட்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2015இல் கிளைபொசேட் களைநாசினி தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்படும்வரை தோட்டங்கள் புல்லோடு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். இந்தச் சிறு இயந்திரம் பலருக்கு அறிமுகமானதும் அக்காலத்தில்தான். இதில் இரைச்சல் எழுந்தால் கத்திக்கு மேலுள்ள பற்சக்கரப் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். கொதித்தால் கிறீஸ் தீர்ந்திருக்கும். பக்கத்திலுள்ள திருகாணியைக் கழற்றி உரிய கிறீஸைச் செலுத்தவும். கத்தியைப் பிடிக்கும் நட் பெரும்பாலும் எதிர்ப்புரி கொண்டது. வழக்கமான பக்கம் பலங்கொண்டு திருப்பினால் கழலாது, மேலும் இறுகிப் புரிதான் உடையும்.