பழைய தொலைநோக்கிக்குப் பார்வை மங்குமா?

கேள்வி: பழைய தொலைநோக்கியைத் தானியங்கியாக மாற்றி, பூமிக்கு அருகே வரும் சிறுகோள்களைக் கண்காணிக்கலாம் என்கிறார்களே! கண்ணாடியே பழசாகிவிட்ட பிறகு கணினியைப் பொருத்தி என்ன பயன்?
- வாசகர், தனுவச்சபுரம்

பதில்: நமக்கு வருவதுபோலத் தொலைநோக்கிக்கும் வெள்ளெழுத்து வருமா என்கிறீர்கள். பலருக்கும் உள்ள சந்தேகம்தான் இது. கண்ணாடி கெடுவதில்லை ஐயா. அதன்மேல் உள்ள அலுமினியப் பூச்சுதான் மங்கும். காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் பழைய பூச்சை நீக்கி, வெற்றிடக் கலனுக்குள் வைத்துப் புதிதாகப் பூசுகிறார்கள்.

பழைய கருவியின் குறை அதன் வேகத்தில்தான் இருக்கிறது. 1988 பிப்ரவரி 17 அன்று வானியலாளர் ஆர். ராஜமோகன் காவலூரின் ஷ்மிட் தொலைநோக்கியில் (வானத்தின் அகன்ற பரப்பை ஒரே படத்தில் பிடிக்கும் வகை) ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். கணிதமேதை ராமானுஜனின் பெயர் அதற்கு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுவது, நிதானமாகத் தேடலாம். பூமியை நெருங்குவது அப்படிக் காத்திருக்காது. 2008 அக்டோபர் 6 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் கண்டறியப்பட்ட ‘2008 டிசி3’, ஒரு நாள் முடிவதற்குள் சூடான் வானில் வெடித்துச் சிதறியது. படத்தகட்டில் பதிவுசெய்து, அதைக் கழுவிக் காயவைத்துப் பார்க்கும் பழைய முறை இதற்குச் சரிப்படுமா?

அதனால்தான் தகட்டுக்குப் பதில் சிசிடி (ஒளியை மின்னாக்கிப் பதியும் சில்லு) வருகிறது. கைச்சக்கரத்தின் இடத்தில் மோட்டாரும், அச்சு எவ்வளவு திரும்பியது என்று அளக்கும் என்கோடரும் வருகின்றன. கூரைத் திறப்பு தொலைநோக்கியோடு சேர்ந்து சுழல வேண்டும். மழைத்துளி பட்டால் தானே மூட வேண்டும்.

உண்மையான தலைவலி பல்சக்கரம். தேய்ந்த பற்களுக்கிடையே மயிரிழை இடைவெளி விழுந்திருக்கும். மோட்டார் திசை மாறிச் சுழலும். பல்லோடு பல் முட்டும்வரை தொலைநோக்கி அசையாது. அதற்குள் இலக்கு தப்பிவிடும். எப்போதும் ஒரே பக்கமிருந்து இலக்கை அணுகும்படி மென்பொருளில் எழுதி இதைச் சமாளிக்கிறார்கள்.

வீண்வேலை அல்ல இது. 1948இல் பணி தொடங்கிய அமெரிக்காவின் பாலோமர் ஷ்மிட் தொலைநோக்கி, இப்படிப் புதுப்பிக்கப்பட்டு இந்த நூற்றாண்டில் சிறுகோள் வேட்டைக்கு இறங்கியது. ஆனால் சிறிய பழைய கருவிகளுக்குப் புதிதாகத் தேடுவதைவிட, பெரிய கருவிகள் கண்டதைப் பின்தொடர்ந்து பாதையைத் துல்லியமாக்கும் வேலையே பொருந்தும் என்பது என் எண்ணம்.

உங்கள் ஊர்க் கல்லூரி மாணவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு, ஹவாய்த் தொலைநோக்கியின் படங்களை மாணவர் குழுக்களுக்கு இலவசமாக அனுப்புகிறது. ஒரு கணினி இருந்தால் அவர்களும் சிறுகோள் தேடலாம்.