மூன்று கால் முதிய நாயைப் பேணுதல்: முழங்கால் அறுவைக்குப் பின் 12 வாரங்கள்



விபத்தினாலோ நோயினாலோ ஒரு காலை இழந்த நாய், எஞ்சிய மூன்று கால்களைக் கொண்டு பல்லாண்டுகள் நன்றாகவே வாழ்கிறது. ஆனால் அதற்கு வயது முதிர்ந்து, மூட்டுவாதமும் சேர்ந்து, அம்மூன்று கால்களுள் ஒன்றின் முழங்காலும் பழுதுற்று அறுவை சிகிச்சை செய்ய நேரும்போது வீட்டார் திகைத்து நிற்கின்றனர். மருத்துவரின் பணி சில மணி நேரத்தில் நிறைவுறும். அதன்பின் வரும் 12 வாரப் பணி வீட்டாருடையது. அப்பணியை முறையாகக் கற்பதே இப்பாடத்தின் நோக்கம்.

பாடத்தின் சாரத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். இக்காலத்தில் நாய்க்கு நாம் செய்யும் பேருதவிகள் மூன்று: அதன் நடமாட்டத்தைக் கட்டுக்குள் வைத்தல், உணவை அளந்து இடுதல், பொறுத்திருத்தல். இரக்க மிகுதியால் இவற்றைக் கைவிடுவோர் தாம் நேசிக்கும் உயிருக்கே தீங்கு தேடித் தருகின்றனர்.

1. முன்னறிவு: ஒரு பாரக் கணக்கு

நான்கு கால்களும் உள்ள நாய், தன் உடற்பாரத்தில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களிலும் 40 விழுக்காட்டைப் பின்னங்கால்களிலும் தாங்குகிறது. 20 கிலோ எடையுள்ள நாய் எனில், ஒவ்வொரு முன்னங்காலிலும் 6 கிலோ. ஒவ்வொரு பின்னங்காலிலும் 4 கிலோ.

முன்னங்கால் ஒன்று இல்லாவிடில், எஞ்சிய முன்னங்கால் மொத்தப் பாரத்தில் பாதியை நெருங்கும் அளவைச் சுமக்கிறது. 6 கிலோ சுமந்த கால் இப்போது ஏறத்தாழ 9 கிலோ சுமக்கிறது. பின்னங்கால் ஒன்று இல்லாவிடில், பாரத்தின் பெரும்பகுதி முன்னே சாய்கிறது. தோள்களும் முதுகும் ஓய்வின்றி உழைக்கின்றன. ஆகவே மூன்று கால் நாய்க்கு முழங்கால் அறுவை செய்யும்போது நாம் பேணவேண்டியது அறுவை செய்த ஒரு காலை மட்டுமன்று; அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கப்போகும் மற்ற இரண்டு கால்களையும் ஆகும்.

2. முழங்காலில் நிகழ்வது என்ன?

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் இணைப்புநார்களுள் இரண்டு, மூட்டினுள் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன. இவற்றுள் முன்புறத்து நார் அறுவதே நாய்களுக்கு மிகுதியாக நேரும் முழங்கால் கேடு. விளையாட்டு வீரருக்கு நேர்வதுபோல் ஒரு நொடியில் அறுவதைவிட, பழங்கயிறு போல் நாளடைவில் நைந்து அறுவதே நாய்களிடம் பெரும்பான்மை. ஒரு முழங்காலில் இது நேர்ந்த நாய்களில் ஏறத்தாழ பாதிக்குப் பின்னாளில் மறு முழங்காலிலும் நேர்கிறது.

நார் அறுந்த மூட்டு ஒவ்வோர் அடியிலும் வழுக்குகிறது, குருத்தெலும்பு தேய்கிறது, வாதம் வளர்கிறது. இதனைச் சீர்செய்யப் பல முறைகள் உள. மூட்டுக்கு வெளியே வலிய நைலான் இழையிட்டு இறுக்குவது ஒன்று. கீழ்க்கால் எலும்பின் தலைப்பகுதியை வளைவாக அறுத்துத் திருப்பி, அதன் சரிவைக் குறைத்து, உலோகத் தகடு பொருத்துவது மற்றொன்று. இப்பின்னதை அமெரிக்க மருத்துவர் பார்க்லே ஸ்லோக்கம் 1993இல் வெளியிட்டார். எம்முறையாயினும் அது மூட்டை நிலைநிறுத்துமேயன்றி, முன்னரே வந்துவிட்ட வாதத்தை நீக்காது. இதனை வீட்டார் தொடக்கத்திலேயே உணர்ந்துகொள்ள வேண்டும்.

அறுவை எல்லா முதிய நாய்களுக்கும் உகந்ததன்று. சிறுநீரகம், கல்லீரல், இதயம் ஆகியவற்றின் நிலையைச் சோதித்து, மயக்க மருந்தைத் தாங்குமா என்று மருத்துவர் முடிவு செய்தல் வேண்டும். 1903இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில் இத்தகைய கருத்தைப் பெறுதல் நலம்.

3. எந்தக் கால் இல்லை?

பேணும் முறை இவ்வினாவின் விடையைப் பொறுத்தே அமையும்.

(அ) இல்லாத முன்னங்காலும் அறுவை செய்த பின்னங்காலும் எதிரெதிர்ப் பக்கத்தன ஆயின், எஞ்சிய இரண்டு நல்ல கால்களும் மூலைவாட்டில் அமைந்து ஓரளவு சமநிலை தரும்.

(ஆ) இரண்டும் ஒரே பக்கத்தன ஆயின், நாய் அப்பக்கமாகச் சாயும். எழும்போதும் திரும்பும்போதும் அப்பக்கத்தில் ஒருவர் துணை நிற்க வேண்டும்.

(இ) ஒரு பின்னங்கால் இல்லாத நாயின் மற்றொரு பின்னங்காலிலேயே அறுவை நடந்தால், முதல் நாள்களில் பின்னுடலைத் தாங்க ஒரு காலும் இல்லை. ஒவ்வொரு முறையும் தாங்குதுணி கொண்டு நாமே தாங்க வேண்டும். பருத்த நாயாயின் இதற்கு இருவர் தேவை. அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே ஆள்துணையை உறுதி செய்துகொள்க.

4. வீட்டை ஆயத்தம் செய்தல்

வழுவழுப்பான தரையே முதற்பகை. நாய் நடக்கும் வழி முழுதும் சாக்கு, தேங்காய்நார் மிதியடி, ரப்பர் விரிப்பு ஆகியவற்றுள் கிடைத்ததை நகராதவாறு விரிக்க வேண்டும். நகங்களையும் பாத அடியில் வளரும் மயிரையும் அளவாக வெட்டிவிடுக. படிகளுக்கும் கட்டிலுக்கும் குறுக்கே பலகை வைத்து மறிக்க வேண்டும்.

எழவும் திரும்பவும் நீட்டிப் படுக்கவும் போதுமான, ஓடவும் தாவவும் போதாத ஓர் இடத்தை அதற்கு ஒதுக்குக. படுக்கை தடிப்பாகவும் உலர்ந்தும் இருத்தல் வேண்டும். முன்னங்கால் இழந்த நாய் தலையைத் தாழ்த்தித் தின்ன வருந்தும். ஆதலால் உணவுக் கிண்ணத்தை மணைப்பலகை மீது வைக்கலாம். கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி இழுத்தால் அது நிலைகுலையும், மார்புப்பட்டையே ஏற்றது.

பழைய பருத்தி வேட்டியை நான்காக மடித்தால் நல்ல தாங்குதுணி ஆகும். அதனைப் பின்தொடைகளுக்கு முன்னே வயிற்றின் அடியில் செலுத்தி, இரு முனைகளையும் முதுகுக்கு மேல் பிடிக்க வேண்டும். நாயைத் தூக்குதல் கூடாது, தாங்குதலே போதும். ஆண்நாயாயின் சிறுநீர் கழிக்குமிடத்தைத் துணி மறைக்காதவாறு பார்த்துக்கொள்க.

5. வாரங்களின் வரிசை

ஆசிரியப் பயிற்சியில் எளியதிலிருந்து அரியதற்குச் செல்க என்று கற்பிக்கப்படுகிறது. உடற்பயிற்சிக்கும் அதுவே விதி. கீழ்வருவன பொது அளவுகள். உங்கள் மருத்துவர் கூறும் அளவே முடிவானது.

முதல் 3 நாள்கள்: பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, நாளொன்றுக்கு மூன்று முறை, 10 முதல் 15 நிமிடம் வரை ஒத்தடம் தருக. காயத்தை நாள்தோறும் பார்க்க வேண்டும். நக்காதிருக்கக் கழுத்தில் கூம்புக்காப்பு அணிவித்தல் கட்டாயம்.

2ஆம் வார முடிவு வரை: சிறுநீர், மலம் கழிக்க மட்டுமே வெளியே செல்லல், ஒரு முறைக்கு 5 நிமிடம் போதும். தையல் 10 முதல் 14 நாள்களுக்குள் பிரிக்கப்படும். மருத்துவர் இசைந்தபின், நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, காலை மெல்ல மடக்கி நீட்டுக. 10 முறை, நாளில் இரண்டு மூன்று வேளை. முகம் திருப்பிப் பார்த்தாலோ உடல் இறுகினாலோ அந்த அளவோடு நிறுத்துக. வீக்கம் தணிந்தபின் பயிற்சிக்கு முன் வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும். அதன் சூட்டை நம் மணிக்கட்டின் உட்புறத்தில் சோதித்த பின்னரே வைக்க வேண்டும்.

3 முதல் 8ஆம் வாரம் வரை: கயிற்றைக் கையிற் பிடித்து மெல்ல நடத்துதல். 5 நிமிடத்தில் தொடங்கி வாரந்தோறும் சில நிமிடங்கள் கூட்டலாம். இங்கு வேகம் குறைவதே பயிற்சியின் உயிர். மூன்று கால் நாய் துள்ளி ஓடப் பழகியது. வேகமாகச் சென்றால் நொந்த காலைத் தூக்கிக்கொண்டே ஓடிவிடும். மிக மெதுவாக நடத்தினால்தான் அக்காலை ஊன்றியாக வேண்டிய நிலை வரும், தசை வளரும்.

8ஆம் வாரத்தை ஒட்டி: எக்ஸ்ரே எடுத்து எலும்பு கூடியதா எனக் காண்பர். அதுவரை வெளித்தோற்றத்தை நம்புதல் ஆகாது. அதன் பின்னரே, 12ஆம் வாரம் வரை, சிறிது சிறிதாகக் கட்டுத் தளர்த்தப்படும்.

நம் இல்லத்து நாட்டுநாய்க்கு வயது 11. அதன் 4ஆம் வயதில் வாகனம் மோதி இடது முன்னங்கால் நீக்கப்பட்டது. பின்னர் வலது முழங்காலில் அறுவை நடந்தது. நடந்த நிமிடம், தின்ற அளவு, மலத்தின் தன்மை, இரவு உறக்கம் ஆகியவற்றை வருகைப் பதிவேடு போல் ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தோம். 5ஆம் வாரத்தில் அது வாலாட்டிக் குதிக்க முற்பட்டது. வந்த உறவினர் அனைவரும், “பாவம், அவிழ்த்துவிடுங்கள்” என்றனர். நாம் அவிழ்க்கவில்லை. நாய் நலமடைந்ததாகத் தோன்றும் இவ்வாரங்களே மிகுந்த இடர் உடையவை. வலி குறைந்துவிட்டது, எலும்போ இன்னும் கூடவில்லை. இன்று அது தெருமுனை வரை நிதானமாக நடந்து திரும்புகிறது. குளிர்காலக் காலைகளில் விறைப்பு இருக்கத்தான் செய்கிறது.

6. வலியும் மருந்தும்

நாய் வலியால் கத்துவது அரிது. ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் இளைத்தல், நடுங்குதல், ஓரிடத்தையே நக்குதல், இரவில் இடம் மாறிமாறிப் படுத்தல், உணவை மறுத்தல் ஆகியனவே அதன் மொழி.

கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம் போன்ற மருந்துகளை மருத்துவர் எடைக்கேற்ப அளந்து தருவார். உணவுடன் கொடுக்க வேண்டும். வாந்தி, கருநிற மலம், உணவு வெறுப்பு தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். நம் வீட்டு மருந்துப் பெட்டியிலுள்ள பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவற்றை நாமாகத் தருதல் உயிருக்கே கேடாகலாம். ஓர் உயிருக்கு மருந்தாவது மற்றோர் உயிருக்கு நஞ்சாகும் என்பதற்குச் சான்று வேண்டுமா? டைக்ளோஃபெனாக் தரப்பட்ட கால்நடைகளின் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் பெருவாரியாக மாண்டன. அதனால் 2006இல் நம் நாட்டில் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது.

மூட்டுவாதத்திற்கு மீன் எண்ணெயும், இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் குளுக்கோசமைனும் பரிந்துரைக்கப்படுவதுண்டு. நம் குடும்பத்தார் தயங்காமல் மருத்துவரிடம் தம் நெறியைக் கூறலாம். மீன் எண்ணெயின் பயன்தரும் கொழுப்புகள் நுண்பாசி எண்ணெயிலும் உண்டு. சோளத்திலிருந்து தயாரிக்கப்படும் குளுக்கோசமைனும் உண்டு. எனினும் குளுக்கோசமைனின் பயனுக்கு வலுவான சான்று இல்லை.

7. உணவு

ஓய்விலுள்ள நாய்க்கு முன்போல் உணவு தேவையில்லை. 48 லாப்ரடார் நாய்களை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவளித்து, வாழ்நாள் முழுதும் கண்காணித்து 2002இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. மிகுதியாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாக உண்டவற்றுக்கு 13 ஆண்டு. மூட்டுவாதமும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. விலாவெலும்பு கண்ணுக்குத் துருத்தாமல், கைவிரலுக்கு எளிதில் தட்டுப்பட வேண்டும். அதுவே சரியான உடல். நெய்ச்சோறும் பிஸ்கட்டும் முறுக்கும் ஆளுக்கொரு கை தருவதை நிறுத்தி, உணவிடும் பொறுப்பை ஒருவரிடமே விடுதல் நன்று. மாதம் இருமுறை எடை பார்க்க வேண்டும்.

8. ஓர் ஐயமும் விடையும்

இல்லறத்தாரின் அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். “நாயைக் கட்டுகிறோம், கத்திக்கு உட்படுத்துகிறோம், உணவைக் குறைக்கிறோம், இவை குற்றம் ஆகாவா?” என்று நம் இல்லங்களில் முதியோர் கேட்கின்றனர். கேட்கத் தகுந்த கேள்வியே.

சினம், பேராசை போன்ற கஷாயங்களாலும் கவனமின்மையாலும் செய்வதே ஹிம்சை. இக்கட்டு நம் வசதிக்கா, அதன் நலத்துக்கா என்று நாள்தோறும் நம்மையே கேட்டுக்கொள்ளல் வேண்டும். நலத்துக்கெனில், தேவை முடிந்த அன்றே அவிழ்க்கவும் வேண்டும். உணவை அளக்கலாம், பசியால் வாட விடலாகாது, தண்ணீரை ஒருபோதும் தடுக்கலாகாது. நாம் அறியாமற் செய்யும் குற்றம் நான்காவதே. மூன்று காலில் நிற்கும் உயிருக்கு அன்பின் பெயரால் ஊட்டி ஊட்டி ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் மிகுபாரம் ஆகும்.

9. உடனே மருத்துவரை நாடவேண்டிய குறிகள்

காயத்தில் சீழ், துர்நாற்றம், மிகுசூடு. ஒரு நாள் முழுதும் சிறுநீர் கழியாமை. இரண்டு வாரம் கடந்தும் காலைத் தரையில் தொடவே மறுத்தல். நன்றாக நடந்துவந்த நாய் திடீரெனக் காலைத் தூக்கிக்கொள்ளல். மூட்டில் ‘டக்’ என்ற ஒலி. நல்ல கால்களுள் ஒன்றில் புதிய நொண்டல்.

தொகுப்புரை

மூன்று கால் முதிய நாய் பழைய ஓட்டத்தைப் பெறாமற் போகலாம். வலியின்றி எழுதல், விரும்பி உண்ணுதல், வாசல் வரை வந்து நம்மை எதிர்கொள்ளுதல் ஆகியவற்றை அது மீளப் பெற்றால் அறுவை பயன் தந்தது என்றே கொள்ளலாம்.

வினாக்கள்

1. 30 கிலோ எடையுள்ள, நான்கு கால்களும் உள்ள நாயின் ஒரு முன்னங்கால் எவ்வளவு பாரம் தாங்கும்? முன்னங்கால் ஒன்றை இழந்தால் மற்றது ஏறத்தாழ எவ்வளவு தாங்கும்?
2. மெதுவாக நடத்துவதால் விளையும் பயன் யாது?
3. 5ஆம் வாரத்தில் நாயை அவிழ்த்துவிடச் சொல்லும் உறவினருக்கு என்ன விடை கூறுவீர்கள்?
4. நாயின் வலியைக் காட்டும் குறிகள் நான்கு கூறுக.

இல்லப்பணி: சிறுவர்கள் தம் வீட்டு நாயின் விலாவைத் தடவிப் பார்த்து, அதன் எடை சரியா என்பதைப் பெற்றோருடன் ஆராய்க. வீட்டில் நாய் இல்லாதோர், தெருவில் நொண்டிச் செல்லும் நாய் ஒன்றைத் தொலைவிலிருந்தே கவனித்து, எந்தக் காலைக் காக்கிறது என்று எழுதிவருக.