மேகத்தில் வைத்த பொருள்

கோடைக்கானலில் ஒரு திங்கள் தங்கியவர்க்கு மேகம் என்பது வானத்தில் மட்டும் உறையும் பொருளன்று. அது வாயிலில் வந்து நின்று, சாளரத்தின் வழியே உள்ளே நுழைந்து, உலர்த்திய ஆடையை மீண்டும் நனைத்துச் செல்லும். ஏரியின் எதிர்க்கரை மறையும்; சற்று நேரத்தில் மீண்டும் தோன்றும். இக்காலத்துக் கணினி வல்லார் தம் தொழில் முறையொன்றிற்கு மேகம் என்று பெயரிட்டது இம்மலையை நினைந்தன்று. வலையமைப்பின் படம் வரைவோர், தாம் விரித்துக் காட்ட வேண்டாத பகுதியை ஒரு மேக வடிவால் குறித்துவிடுதல் வழக்கம். அவ்வழக்கத்தினின்று எழுந்த பெயர் இது. பெயர் மயக்கந் தருவதாயினும் பொருள் எளிதே. எங்கோ ஒரு பெருங் கட்டடம். அதனுள் ஆயிரக்கணக்கான கணினிகள், குளிரூட்டும் பொறிகள், மின்சாரம், காவல். அக்கட்டடம் பிறருடையது. நாம் அதில் வாடகைக்கு இடம் பெறுகின்றோம். மேகக் கணிமை என்பது இவ்வளவே.

இம்முறையின் நலத்தைக் குறைத்துரைத்தல் நேர்மையாகாது. தேர்வு முடிவு வெளியாகும் ஒரு நாளில் பல லட்சம் பேர் ஒரே வாயிலைத் தட்டுகின்றனர். மறுநாள் தட்டுவார் இலர். அந்த ஒரு நாளுக்காகக் கணினிகளை விலைக்கு வாங்கி ஆண்டு முழுதும் சும்மா வைத்திருப்பதினும், மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது அறிவுடைமையன்றோ? அமேசான் நிறுவனம் 2006-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சேமிப்பிடத்தையும், அவ்வாண்டு ஆகஸ்டில் கணினித் திறனையும் இவ்வாறு வாடகைக்கு விடத் தொடங்கிற்று. 2015-இல் மைக்ரோசாப்ட் சென்னை, புனே, மும்பை ஆகிய இடங்களிலும், 2016-இல் அமேசான் மும்பையிலும் தத்தம் நிலையங்களைத் திறந்தன. நம் மத்திய அரசும் 2013-இல் மேகராஜ் என்னும் பெயரால் தன் துறைகளுக்கென ஒரு திட்டம் வகுத்தது.

குடி புகுதல் எளிது. குடி பெயர்தலே அரிது. ஈண்டு நாம் ஆராய வேண்டிய விஷயம் அதுவே. விற்போன் ஒருவனிடம் புகுந்த பின், வாடகை உயரினும், பணி குன்றினும், வேறிடஞ் செல்ல இயலாது கட்டுண்டு கிடக்கும் நிலையை விற்போர் பிணை எனலாம். இதற்குக் காரணம் யாதெனப் பலரையும் கேட்பின், பொருளை வெளியே எடுத்துச் செல்ல வாங்கப்படும் கட்டணத்தையே முதற்கண் சுட்டுவர். அஃது எவ்வளவிற்று என்று கணக்கிட்டுப் பார்ப்போம். அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு நம் மலைமேலேயே இருக்கிறது.

கோடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையம், சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் வழித்தோன்றலாக 1899-இல் அமைந்தது. சூரிய களங்கங்களில் வாயு வெளிநோக்கிப் பாய்தலை எவர்ஷெட் 1909-ஆம் ஆண்டு சனவரியில் கண்டறிந்தது இங்கேதான். அக்கண்டுபிடிப்பினும், நாள்தோறும் ஓசையின்றி நடந்த மற்றொரு வேலை இன்று பெருஞ் செல்வமாய் விளங்குகிறது. 1904 முதல் மேகம் விலகிய நாட்களிலெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வைத்தனர். முதலில் கண்ணாடித் தகட்டிலும் பின்னர்ப் படச்சுருளிலும். நூறாண்டுக்கு மேற்பட்ட இத்தகைய தொடர்ச்சி உலகில் மிகச் சில இடங்களிலேயே உண்டு. பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் இப்படங்களை எண்களாக மாற்றி ஆராய்ச்சியாளர்க்குத் திறந்து வைத்திருக்கிறது.

அத்தகைய படம் ஒன்றின் அகலம் 4096 புள்ளி, உயரம் 4096 புள்ளி, புள்ளிக்கு இரண்டு பைட்டு என்று கொண்டால், ஒரு படத்திற்கு ஏறத்தாழ 3 கோடியே 35 லட்சம் பைட்டுகள் வேண்டும். ஆண்டுக்கு 300 படமாக நூறாண்டுக்கு 30,000 படம். மொத்தம் ஒரு டெராபைட்டு அளவே! ஒரு கிகாபைட்டை வெளியே எடுக்க 9 அமெரிக்க சென்ட் என்னும் வழக்கமான விலையை வைத்துப் பெருக்கினும் 90 டாலர்தான் ஆகிறது. இஃதொரு தடையாகுமா? ஆயிரம் மடங்கு பெரிய சேமிப்புடையார்க்கே இக்கட்டணம் சுமையாம். எனவே பூட்டு வேறெங்கோ இருத்தல் வேண்டும்.

அது வடிவத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. கோடைக்கானல் தகட்டைக் காண விளக்கொளியும் கண்ணும் போதும். அதனைச் செய்த கம்பெனி இன்று இருப்பினும் இல்லையாயினும் கவலையில்லை. இப்படங்களை முதன்முறை எண்களாக மாற்றியபோது நுட்பம் குறைவாயிருந்தது. தகடுகள் கைவசம் இருந்தமையாற் பின்னர் நுட்பமிக்க கருவிகொண்டு மீண்டும் செய்ய முடிந்தது. எண்ணாக்கிய படங்களுக்கும் வானியலார் ஃபிட்ஸ் என்னும் பொது வடிவத்தைக் கையாளுகின்றனர். 1981-இல் வெளியான இவ்வடிவம் எவர்க்கும் தனியுடைமையன்று. கோப்பின் தலைப்பில், படம் எடுத்த நாள், கருவி, அளவு முதலியன 80 எழுத்துக் கொண்ட வரிகளாய், எவரும் படிக்கும்படி வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். பின்னர் எத்திருத்தம் செய்யினும் முன்னர் எழுதிய கோப்பு படிக்க முடியாததாய்ப் போதல் கூடாது என்பது அவர்கள் வகுத்த விதி. எத்துணை அரிய விதி!

இவ்விதியில்லாத இடத்தில் நேர்வதனைத் தமிழர் நன்கறிவர். கணினித் தமிழின் தொடக்கக் காலத்தில் எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் தத்தமக்கெனக் குறியீடு வகுத்தனர். ஒருவருடைய எழுத்துருவில் அச்சுக் கோத்த கட்டுரை மற்றொருவர் கணினியிற் பொருளற்ற கீறல்களாய்த் தோன்றிற்று. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு பொதுக் குறியீடும் தமிழ் 99 விசைப்பலகையும் வகுத்தது. 2010-இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடை ஏற்றது. அதற்கு முற்பட்ட கோப்புகளின் கதி யாது? இக்கட்டுரையாளர் பழைய மலரொன்றின் கட்டுரையை வட்டினின்று எடுக்க முயன்று தோற்று, இறுதியில் அச்சிட்ட தாளைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்ய நேர்ந்தது. மூன்று மாலைப்பொழுதுகள் அதிற் கழிந்தன.

மேகத்திலும் பூட்டு அவ்வாறே விழுகிறது. வாடகைக்கு விடுவோர் சேமிப்பிடம் மட்டும் தருவதில்லை. தமக்கே உரிய தரவுத்தளம், அடையாளச் சோதனை, செய்நிரல் ஓட்டும் முறை ஆகியவற்றையும் தருகின்றனர். அவை மிக வசதியானவை. அவற்றின்மேல் ஐந்தாண்டு கட்டிய வேலையைப் பெயர்க்க வேண்டின், தரவை எடுத்துச் செல்வது ஒரு நாள் வேலை. நிரல்களைத் திருப்பி எழுதுவதோ ஓராண்டு வேலை. ஊழியரின் பழக்கமும் அப்பூட்டின் ஒரு சாவியாகும்.

வாடகை உயர்வு ஒன்றே அச்சமன்று. 2025 சூலையில் ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடையை அடுத்து, குஜராத்தில் வாடினார் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலையை நடத்தும் நயாரா நிறுவனத்திற்கு மைக்ரோசாப்ட் தன் சேவைகளை நிறுத்திற்று. நயாரா டெல்லி உயர்நீதிமன்றத்தை அணுகியது. சில நாட்களில் சேவை மீண்டது. இந்தியச் சட்டமோ இந்திய நீதிமன்றமோ இடாத தடையால் இந்திய நிறுவனமொன்றின் மின்னஞ்சல் நின்றது என்பது சிந்திக்கத்தக்கது. உள்நாட்டாரிடம் குடிபுகுந்தால் இவ்விடர் நீங்கும் என்பர் சிலர். தமிழ்நாட்டில் வேரூன்றிய ஸோஹோ போன்ற நிறுவனங்கள் வளர்வது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் வீட்டுக்காரர் நம் ஊரார் என்பதனால் வாயிற்கதவு தானே திறந்துகொள்ளாது. அவரிடமும் அதே கேள்விகளைக் கேட்டல் வேண்டும்.

கோடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழியும் உண்டு, பழனி வழியும் உண்டு. மழைக்காலத்தில் ஒரு வழியில் மண் சரியினும் அரிசியும் மருந்தும் மற்றதன் வழியே மேலேறும். 2024 மே மாதத்தில் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்னும் ஓய்வூதிய நிதியின் தனி மேக அமைப்பொன்று கூகிளின் தவற்றால் அழிந்தது. உறுப்பினர் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர். வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த படியும் அதனை மீட்கத் துணையாயிற்று. இதைக் கேட்டு எல்லா வேலையையும் எப்போதும் இரண்டிடத்தில் நடத்த முற்படுதல் வேண்டா. அது செலவையும் தொல்லையையும் இரட்டிக்கும்; சிறு கலாசாலைகட்கு ஏலாது. படி ஒன்று வேறிடத்தில் இருந்தாற் போதும்.

இனி வருங்காலம் எவ்வாறிருக்கும்? ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. இடம் மாறுவோரிடம் அதற்கெனக் கட்டணம் வாங்குதலை 2027 சனவரி 12 முதல் அது அறவே விலக்குகிறது. கூகிள், அமேசான், மைக்ரோசாப்ட் மூன்றும் 2024-லேயே முற்றிலும் விலகிச் செல்வோர்க்கு அக்கட்டணத்தைத் தள்ளிவிட்டன. கூகிள் 2014-இல் பொதுவில் விட்ட குபெர்னெட்டிஸ் என்னும் மென்பொருள், செய்நிரலை எக்கட்டடத்திலும் ஒரேவிதமாய் ஓட்ட வழி செய்கிறது. போஸ்ட்கிரெஸ் போன்ற திறந்த தரவுத்தளங்களை இன்று பெரும்பாலோர் அனைவரும் வாடகைக்குத் தருகின்றனர். ஆனால் செயற்கை நுண்ணறிவுச் சேவைகள் புதிதாய் எழுந்து, பழைய பூட்டுக்குப் பதில் புதிய பூட்டைக் கொண்டுவருகின்றன என்பதே என் ஐயம்.

நம்மனோர்க்கு ஒரு பயிற்சி கூறுவேன். கோடை விடுமுறையில் கணினித் துறை மாணாக்கர் நால்வர், நூலகப் பட்டியலின் படி ஒன்றைப் பெற்று, இப்போதுள்ள மென்பொருளும் சேவையும் இல்லாத வேறு கணினியொன்றில் அதனை நிறுவிப் பார்க்கட்டும். எந்தப் பத்தி படிக்க வந்தது, தமிழ் நூற்பெயர்கள் பிழையின்றி வந்தனவா, எத்தனை நாள் ஆயிற்று என்பவற்றைக் குறித்துவைத்து, அடுத்த ஆண்டு மலரில் வெளியிடட்டும்.